பாக்யம் துடைப்பம் தொடாத இரண்டு நாள்

தங்கச் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான பாலகாட் லைனில் போய் பாக்யலட்சுமி வீடு எது என்று கேட்டால் முழிப்பார்கள். தொடப்பக்கட்ட பாக்யம் என்று கேட்டுப் பாருங்கள், பால்வாடிக் குழந்தைகூடக் கைநீட்டிக் காட்டும். ஏன் அந்தப் பெயர் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. நீங்கள் எந்த நேரத்துக்குப் போனாலும் அவள் பெருக்கிக்கொண்டுதான் இருப்பாள்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அந்தக் காலத்தில் பாறையை அரைத்துத் தங்கத்தை எடுத்துக்கொண்டவர்கள், மிச்ச மண்ணை மலைமலையாக ஊர் நடுவில் கொட்டிவிட்டுப் போனார்கள். தங்கம் போன இடம் தெரியவில்லை. மண் மட்டும் விசுவாசமாக இங்கேயே இருக்கிறது. அதற்கு டம்ப் என்று பெயர். காற்றடித்தால் அரிசிமாவு மாதிரி எழுந்து வரும். சாத்திய ஜன்னலில் வரும், மூடிய டப்பாவில் வரும், தூங்குகிறவன் காதில் வரும். பக்கத்துச் சுரங்கமான மைசூர் மைன்ஸில் இருந்த பாக்யத்தைப் பெண் பார்க்க வந்தபோது அவள் அம்மா கேட்டது ஒரே கேள்விதான். "மாப்ள வூட்டாண்ட டம்ப்பு கீதா?" தள்ளித்தான் இருக்கிறது என்றார்கள். உண்மையில் தள்ளித்தான் இருந்தது. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்கிறபோது, மண்ணுக்கு அதெல்லாம் ஒரு தூரமா?

கல்யாணமான மறுநாள் காலையில் கையில் எடுத்த துடைப்பத்தை அவள் அதற்குப் பிறகு கீழே வைக்கவேயில்லை. மகன் விநாயக் நடக்கப் பழகியதே அவள் பெருக்கிய இடத்தை மிதிக்காமல்தான். விருந்தாளிக்கு இந்த வீட்டில் முதலில் கிடைப்பது தண்ணீர்ச் செம்பு இல்லை. "காலத் தட்டிட்டு வாங்க!" அதுதான் வரவேற்பு.

இப்போது முட்டி தேய்ந்துவிட்டது. குனிந்தால் நிமிர முடிவதில்லை. ராபர்ட்சன்பேட்டையில் ஐடா டீச்சரின் மாடி வீடு காலியாக இருந்தது. சுற்றிலும் உயரமான கட்டடங்கள், மண் ஏறி வர வழியே இல்லாத வீடு. பாக்யம் அதைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து கனவில்கூட அந்தத் தரையில்தான் நடந்தாள், வெறுங்காலோடு, நறநறப்பு இல்லாமல். மாதக் கடைசிவரை வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறேன் என்று டீச்சர் சொல்லியிருந்தார்.

ஆனால் அவள் புருஷன் ராஜேந்திரன் அசைகிற ஆளா? ஃபேக்டரியில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். எத்தனையோ டன் இரும்பைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்த மனுஷனை ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு நகர்த்த முடியவில்லை. காரணம் தெருமுனையில் இருந்தது. அங்கே ஒரு கேரம் போர்டு. அதில் அவர்தான் ராஜா. நோயலும் மனோகரும் தினமும் அவரிடம் தோற்பதற்கென்றே வருவார்கள். ராபர்ட்சன்பேட்டையில் அவரிடம் தோற்க யார் இருக்கிறார்கள்?

காரணத்தைச் சொல்லக் கூச்சம். அதனால் பழியைத் தூக்கிப் பாக்யத்தின் மேல் போட்டார்.

"மண்ணு இன்னா பண்ணுச்சி? உனக்குத்தான் கை நிக்கல. தங்கத் தட்டுல குடி வெச்சாலும் நீ பெருக்குவே."

"பெருக்க மாட்டேன்."

"ரெண்டு நாள் தொடப்பத்தத் தொடாம இரு பாக்கலாம். இருந்துட்டேன்னா அடுத்த மாசமே ராபர்ட்சன்பேட்ட. தொட்டுட்டேன்னா வீடு பேச்சே எடுக்கக் கூடாது. இன்னா சொல்றே?"

"எங்க இருக்கணும்?"

"எங்கயாவது டூர் கூட்டிட்டுப் போறேன். ஹாயா இருந்துட்டு வரலாம்."

ஞாயிற்றுக்கிழமைக்கு பெங்களூரிலிருந்து வந்திருந்த விநாயக்கும் அவன் மனைவி பவ்யாவும் சாட்சி. விநாயக்தான் அம்பயர். பாக்யம் ஏலகிரி என்று நினைத்தாள். மிஞ்சிப்போனால் ஊட்டி. அங்கே ஏது மண், புல்தானே என்று உடனே கை அடித்துவிட்டாள்.

கார் பங்காருபேட்டையைத் தாண்டி, கிருஷ்ணகிரியைத் தாண்டி, சேலத்தையும் மதுரையையும் தாண்டியும் நிற்கவில்லை. வழியெல்லாம் ராஜேந்திரன் ஜன்னல் பக்கம் திரும்பித் திரும்பி தனக்குத்தானே சிரித்துக்கொண்டு வந்தார். மனுஷன் இத்தனை சந்தோஷமாக இருந்தால் எங்கோ தீப்பிடிக்கப் போகிறது என்பது பாக்யத்தின் அனுபவம். திருச்செந்தூரையும் தாண்டிக் கார் நின்றபோது அவள் இறங்கிப் பார்த்தாள்.

தேரி. கண்ணுக்கு எட்டியவரை செம்மண் மேடு, மேட்டுக்குப் பின்னால் மேடு. அங்கங்கே ஒரு பனைமரம், ஏதோ தவறு செய்து நிறுத்திவைத்த மாதிரி. மேடு முடிகிற இடத்தில் வெள்ளை மணல், அதற்கப்பால் கடல். ஆள் அரவமே இல்லை. ஒரு பாலைவனத்தைக் கொண்டுவந்து கடலோரத்தில் கொட்டி வைத்த மாதிரி இருந்தது. காற்று அவள் இறங்குவதற்காகவே காத்திருந்ததுபோல ஒரு கை மண்ணை அள்ளி முகத்தில் போட்டது.

"அட பாவி மனுஷா," என்றாள் பாக்யம்.

"ஹாயா கீது இல்ல?" என்றார் ராஜேந்திரன்.

இவ்வளவோடு விட்டாரா? கார் டிக்கியிலிருந்து பாயையும் அடுப்பையும் இறக்கினவர், கடைசியாக ஒரு புத்தம் புதிய தென்னந்துடைப்பத்தை எடுத்து, பட்டுக் குழந்தையை ஏந்துவதுபோல ஏந்தி வந்து பாக்யத்தின் பக்கத்தில் சாய்த்து வைத்தார். "சும்மா, ஒரு பாதுகாப்புக்கு," என்றார். அவள் உள்ளங்கை அரித்தது. கையைக் கொண்டுபோய் முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள்.

விநாயக்கும் பவ்யாவும் போனில் வீடியோ பார்த்துப் பார்த்து கூடாரம் அடித்தார்கள். கடல் தெரிய வேண்டும் என்று பவ்யா ஒரு பக்கம் காட்டினாள். ராஜேந்திரன் அதெல்லாம் வேண்டாம், மேட்டைப் பார்த்து வாசல் வை, சாயங்காலம் வெயில் இறங்குவது அழகாகத் தெரியும் என்றார். மேட்டுப் பக்கமிருந்துதான் காற்று வந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கம் வாசலை வைத்தால் தேரி மொத்தமும் உள்ளே வந்து உட்காரும். இது பாலகாட்டில் எந்தப் பெண்ணுக்கும் தெரியும். ஈரச்சாக்கைக் கட்டி, கதவிடுக்கில் பழந்துணி திணித்து அதோடு மல்லுக்கு நின்றே பாக்யத்துக்கு முடி நரைத்தது. சொல்லலாமா என்று வாயைத் திறந்தாள். பிறகு துடைப்பத்தைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

"அத்தே, டோர் இந்தப் பக்கம் ஓகேவா?" என்று பவ்யா கேட்டாள்.

"உங்க மாமா சொன்னா சரியா இருக்கும்மா," என்றாள். கல்யாணமானதிலிருந்து அவள் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை. ராஜேந்திரன் பூரித்துப் போனார்.

முதல் நாள் சாயங்காலம் அவர் வழியில் வாங்கி வைத்திருந்த வேர்க்கடலையை எடுத்து, உரித்து, தோலைப் பாய் முழுக்கத் தூவினார். பாக்யம் முகத்தைத் திருப்பிக் கடல் பக்கம் பார்த்தாள். கால்பெருவிரல் மட்டும் அவளைக் கேட்காமல் ஒரு தோலை ஓரமாகத் தள்ளியது.

"அவுட்டு! அவுட்டு!" என்று ராஜேந்திரன் குதித்தார்.

"கால்ல தள்ளுனா கணக்கு இல்லப்பா," என்றான் அம்பயர். "தொடப்பம்னுதான் பேச்சு."

மறுநாள் விடிகிறபோது நிஜமான சோதனை வந்தது. கண் விழித்தால் பாய் இல்லை, பாய் இருந்த இடத்தில் மண். தலையணைக்கு மேல் மண், விநாயக்கின் மூக்குமேல் சின்னதாக ஒரு மேடு. யோசிப்பதற்குள் பாக்யத்தின் வலது கை துடைப்பத்துக்குப் போய்விட்டது. இன்னும் ஒரு விரற்கடைதான். அப்போதுதான் பார்த்தாள், ராஜேந்திரனின் போர்வைக்குள்ளிருந்து ஒரு கண். கண்ணுக்குப் பக்கத்தில் போன், படம் பிடிக்கத் தயாராக.

போன கையை அப்படியே மேலே தூக்கிச் சோம்பல் முறித்தாள். வாயைப் பிளந்து ஒரு கொட்டாவி விட்டாள். "ஐயோ, இன்னா சுகமான காத்து!" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டாள். போர்வைக்குள்ளிருந்து ஒரு பெருமூச்சு கேட்டது.

வெளியே போய் அலையோரம் உட்கார்ந்தவளுக்கு ஒரு விஷயம் புரிந்தது. இந்த மண் அவளைத் தேடி வரவில்லை. அவள்தான் அதன் வீட்டுக்கு வந்திருக்கிறாள். பார்க்கப்போனால் இங்கே குப்பை என்றால் அது நாம்தான். நினைக்க நினைக்கச் சிரிப்பு வந்தது. பிறகு அவள் கை அரிக்கவேயில்லை. கூழ் குடித்தாள், அலையில் நின்றாள், பவ்யாவோடு நண்டு துரத்தினாள். இரண்டு நாளில் அவள் முதல்முறையாக ஓய்வாக இருந்தாள். யோசித்துப் பார்த்தால் பிறந்ததிலிருந்தே முதல்முறை.

ராஜேந்திரனுக்குத்தான் நிலைமை கெட்டது. காலையில் இட்லி நறநறத்தது. மத்தியானம் தயிர்சாதத்தில் பல்லில் ஏதோ கடிபட்டது, பார்த்தால் பல்செட்டின் ஓரம் உடைந்திருந்தது. படுத்தால் சட்டைக்குள் மண், எழுந்தால் வேட்டி மடிப்பில் மண். இருபது தும்மல் தும்மினார். மனுஷனுக்கு வெறி பிடித்துவிட்டது. "சனியன்!" என்று துடைப்பத்தை எடுத்தார்.

கூடாரத்தின் ஒரு மூலையிலிருந்து பெருக்கிக்கொண்டு வந்தார். வாசலுக்கு வருவதற்குள் முதல் மூலையில் மண். திரும்பப் போனார். மறுபடி மண். மூன்றாவது தடவை இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர முயன்றார், முடியவில்லை. பாதி குனிந்த நிலையிலேயே வெளியே எட்டிப் பார்த்தார். பாக்யம் மணலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"பாக்யம், இது எப்போ முடியும்?"

அவர் கேலிக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டார், அவளுக்குத் தெரிந்திருக்கும் என்ற நம்பிக்கையில்.

"முடியாதுங்க," என்றாள் பாக்யம். "முடியும்னு நெனச்சித்தான் தெனமும் எடுத்தேன்."

ராஜேந்திரன் துடைப்பத்தைக் கீழே போட்டார். அவள் பக்கத்தில் வந்து, இடுப்பைப் பிடித்தபடி மெல்ல உட்கார்ந்தார். பிறகு எழுந்து, போனைக் கையில் பிடித்தபடி, சிக்னல் தேடி மேட்டில் ஏறினார். ஓர் அடி ஏறினால் பாதி அடி சறுக்கியது. உச்சியில் நின்று கத்திக் கத்திப் பேசியது காற்றில் துண்டுதுண்டாகக் கீழே வந்தது. "டீச்சர்... ஆமாங்க, மாடி வீடு... இல்லைங்க, மாசக் கடைசி வரைக்கும் வேணாம், இப்பவே... சாவி எங்களுக்குத்தான்."

பந்தயம் முடிய இன்னும் ராத்திரி பாக்கி இருந்தது. விநாயக் அதைச் சொல்ல வாயெடுத்தான். பவ்யா அவன் காலை மிதித்தாள்.

இறங்கி வந்த ராஜேந்திரன் பாக்யத்தைப் பார்த்துத் திடுக்கிட்டார். "இன்னா, கண்ணுல மண்ணு பூந்திச்சா?"

"மண்ணு இல்ல. அழுவுறேன்," என்றாள் பாக்யம். "கேரமுக்கு இன்னா பண்ணுவீங்க?"

"உனக்கு எப்டித் தெரியும்?"

"ஊருக்கே தெரியும். பஸ் ஏறிப் போயி ஜெயிச்சிட்டு வாங்க."

சொல்லிவிட்டு, முடிந்து வைத்திருந்த கொண்டையை அவிழ்த்து, அப்படியே மணலில் மல்லாந்து படுத்தாள். வாசலில் ஒருவனையும் காலைத் தட்டாமல் உள்ளே விடாத பாக்யலட்சுமி. தலைமுடிக்குள் மண் சரசரவென்று இறங்கியது.

"ஏய், எழுந்திரு. தலையெல்லாம் மண்ணு," என்றார் ராஜேந்திரன்.

"இருக்கட்டுங்க," என்றாள் அவள்.