வரிசை எண் நானூற்றுப் பன்னிரண்டு

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு மனிதரை மணி அடித்து உட்கார வைத்துவிட்டேன். அதை உங்களிடம் சொல்லாமல் இந்த வாரத்தைத் தாண்ட எனக்கு மனசு வரவில்லை.

எங்கள் தூத்துக்குடியில் ஒரு வாசகர் வட்டம் இருக்கிறது. மக்களவைத் தேர்தல் முடிந்து, ரிசல்ட்டும் வந்த கையோடு, ‘தேர்தலும் நானும்’ என்று ஒரு கவியரங்கம் வைத்தார்கள். தலைமை — அடியேன். எனக்குக் கவிதை தெரியும் என்பதாலா கூப்பிட்டார்கள்? அதெல்லாம் இல்லை. கூட்டத்தை நேரத்துக்கு முடிப்பேன் என்று பெயர் வாங்கி வைத்திருக்கிறேன். ஆளுக்கு மூன்று நிமிடம். தாண்டினால் மேஜை மணியில் ஒரு தட்டு. கலெக்டரே கவிஞராக வந்தாலும் அதே தட்டுதான்.

இரும்புக் கடைக்கு மேலே ஹால். கீழே துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகளின் சத்தம். மொத்தம் பதினோரு கவிஞர்கள். பாதிப் பேர் ‘விரலில் மை’ என்று ஏறி ‘பொய்மை’யில் வந்து இறங்கினார்கள். மீதிப் பேர் ஜனநாயகத்தைப் பெண்ணாக்கி அழவிட்டார்கள். நான் ஒரு கையில் முந்திரி மக்ரூனும் மறு கையில் மணியுமாகச் சமாளித்துக்கொண்டிருந்தேன்.

கடைசியாக வந்தவர் பொன்ராஜ் அண்ணாச்சி. மாப்பிள்ளையூரணிப் பக்கம் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். வெள்ளைச் சட்டை, பையில் பேனா, கையில் நான்காக மடித்த தாள். பல தேர்தல்களாக ஒரே கட்சிக்கு பூத் ஏஜென்ட். எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள்… எனக்கு எதற்கு வம்பு? இந்த முறை அவர்கள் ஆள் தோற்றுவிட்டார் என்பது வரைக்கும் சொல்லலாம்.

அண்ணாச்சி தாளைப் பிரித்தார். அது கவிதைத் தாள் மாதிரியே இல்லை. அச்சடித்த வாக்காளர் பட்டியல். ஓரத்தில் பேனாவால் எழுதிய வரிகள்.

“நானூற்று ஒன்று, முருகேசன் — மஸ்கட். வரமாட்டான்.

நானூற்று இரண்டு, பேச்சியம்மாள் — போன ஆடியில் காலமானார். கோடு.

நானூற்று மூன்று, ஜெயா — கல்யாணமாகி விளாத்திகுளம்…”

அப்படியே போனார். ஒவ்வொரு பெயருக்கும் நின்று, மூச்சு வாங்கி, நிதானமாக. என்ன இது, கவியரங்கத்தில் ரேஷன் கடை மாதிரி? பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். நானும் உள்ளுக்குள் சிரித்தேன் — ஒளிப்பானேன்?

“நானூற்றுப் பன்னிரண்டு…” என்றார். நிறுத்தினார். தாளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மூன்று நிமிடம் முடிந்தது. தட்டினேன்.

“சரி மேடம்” என்றார் அண்ணாச்சி. முகத்தில் ஒரு கோபம் கிடையாது. தாளை மடித்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

வட்டத்தின் செயலாளர் செல்வி, மருந்துக் கடைக்காரி, என் காதோரம் குனிந்தாள். “மேடம்… அடுத்த பேரு அவுக சம்சாரம். பொங்கல் கழிஞ்சு தவறிட்டாங்க.”

மக்ரூனைக் கீழே வைத்தேன். கையிலிருந்த மணியை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. வெட்கமாக இருந்தது.

“அண்ணாச்சி, நீங்க வந்து முடிங்க” என்று மைக்கிலேயே கூப்பிட்டேன்.

அவர் தலையை ஆட்டினார். “வேண்டாம் மேடம். டைம் முடிஞ்சா முடிஞ்சதுதான். ஆறு மணி ஆச்சுன்னா பூத் கேட்டை அடைக்கணும்லா. நானே எத்தன பேரத் திருப்பி அனுப்பச் சொல்லியிருக்கேன்.”

எங்கிருந்து வந்ததோ அந்த யோசனை. “ஆறு மணிக்குள்ள வரிசையில வந்து நின்னவங்களுக்கு டோக்கன் குடுத்து ஓட்டுப் போட விடுவாங்கல்லா அண்ணாச்சி?”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். லேசாகச் சிரித்தார். “அது… ரூல்ல இருக்கு” என்று எழுந்து வந்தார்.

பூத் ஏஜென்ட் வேலை உங்களுக்குத் தெரிந்ததுதான். ஓட்டுப் பதிவுக்கு முந்தின நாள் பட்டியலை வைத்துக்கொண்டு, வெளியூர் போனவர்களைக் குறித்து, இறந்தவர்களின் பெயர் மேல் கோடு போட வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பெயரில் வேறு யாராவது வந்து ஓட்டுப் போட்டுவிடுவார்கள். மறுநாள் பூத்தில், வருகிற ஒவ்வொருவரின் எண்ணையும் பெயரையும் அதிகாரி சத்தமாக வாசிப்பார். ஏஜென்ட் தன் தாளில் டிக் அடிப்பார். அண்ணாச்சி தன் தெருவில் எத்தனை பேருக்குக் கோடு போட்டிருப்பார்! கூடப் படித்தவனுக்கு, சொந்தச் சித்தப்பாவுக்கு…

தாளைப் பிரித்து மிச்சத்தை வாசித்தார்.

“நானூற்றுப் பன்னிரண்டு, தங்கபுஷ்பம்.
கோடு போட ஸ்கேலை வைத்தேன்.
கணவர் பெயர் என்று கீழே நானும் இருந்தேன்.
பேனாவை மூடிவிட்டேன்.

காலை ஏழு மணியிலிருந்து
வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
வரமாட்டாள், தெரியும்.
ஆனாலும் ஆறு மணி வரை நேரம் இருந்தது.

எங்கள் ஆள் தோற்றது ஓட்டு எண்ணிய அன்று.
நான் தோற்றது அதற்கு முன்பே,
கேட்டை அடைத்தபோது.
அதுவரை யாரும் அவள் பெயரை வாசிக்கவில்லை.”

அவ்வளவுதான். சிரித்த ஆள் தலை குனிந்திருந்தார்.

எலெக்‌ஷனில் நம்பிக்கை என்றால் வேட்பாளரின் நம்பிக்கை, மிஞ்சிப் போனால் கட்சியின் நம்பிக்கை என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன். வராத ஒருத்திக்காகப் பதினோரு மணி நேரம் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

“அந்தத் தாளக் கொஞ்சம் குடுங்க அண்ணாச்சி” என்றேன். கொடுத்தார். எல்லாப் பெயருக்கும் நேராக ஏதாவது ஒரு குறி இருந்தது. அந்த ஒரு கட்டம் மட்டும் சுத்தமாக இருந்தது.

எழுந்து நின்றேன். பூத்தில் வாசிப்பார்களே, அதே மாதிரி, கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி வாசித்தேன்.

“வரிசை எண் நானூற்றுப் பன்னிரண்டு. தங்கபுஷ்பம். கணவர் பெயர் பொன்ராஜ்.”

அண்ணாச்சியின் கை தன்னால் சட்டைப் பைக்குப் போனது. பேனாவை எடுத்தார். தாளை என்னிடமிருந்து வாங்கி மேஜையில் வைத்து, நிதானமாக ஒரு டிக் அடித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “வந்துட்டா மேடம்” என்றார்.

இதைக் கள்ள ஓட்டு என்று யாராவது புகார் கொடுப்பதாக இருந்தால்… முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்!