பிலோமி எறிந்த பந்து

உப்புக்காற்றில் துருவேறிய இரும்புக் கம்பியை ஒரு மாலை முழுவதும் பிடித்துச் சுற்றிவிட்டு வந்தால், சோப்புப் போட்டுக் கழுவினாலும் உள்ளங்கையில் ஒரு வாசனை நிற்கும். இரவில் சோற்றைப் பிசையும்போது அது மூக்கில் ஏறும். தூத்துக்குடியில் துறைமுகக் குடியிருப்பை ஒட்டிய சிறுவர் பூங்காவில், மணலுக்கு நடுவே, நாங்கள் "சுத்துராட்டு" என்று சொல்லும் பெரிய இரும்புத் தட்டு ஒன்று கிடந்தது. விளிம்பில் உட்காரப் பலகைகளும் பிடித்துக்கொள்ளக் கம்பிகளும் உண்டு, நடுவில் ஒன்றும் கிடையாது. காலால் தரையை உந்திவிட்டால் தானாகவே சில சுற்றுகள் ஓடும். அதில் எதிரெதிராக உட்கார்ந்து, சுற்றிக்கொண்டே ஒருவருக்கொருவர் பந்து எறிவது எனக்கும் பிலோமிக்கும் மட்டுமே சொந்தமான விளையாட்டு.

பிலோமியின் அப்பாவுக்குத் தருவைகுளத்தில் வள்ளம் இருந்தது. பிள்ளைகளின் படிப்புக்காக எங்கள் தெருவில் வீடு எடுத்திருந்தார்கள். எங்கள் வீட்டில் அப்பாவும் அம்மாவும் ஆசிரியர்கள், நாசரேத்திலிருந்து வந்தவர்கள். நான் ஒற்றைப் பிள்ளை என்பதால் பிலோமி எனக்குத் தோழி மட்டும் அல்ல. அவள் எனக்கே எனக்கு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையில் கோமதி வந்தாள். ஸ்ரீவைகுண்டம் பக்கத்து ஆற்றங்கரை ஊர். அவள் அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை கிடைத்துக் குடும்பத்தோடு குடியேறியிருந்தார்கள். கடலையே அதுவரை பார்த்திராதவள். ஆற்றில் முங்கி அடிமணலை அள்ளி வரும் கதையை அவள் சொல்லத் தொடங்கினால், கடலோரத்திலேயே பிறந்த பிலோமி வாயைப் பிளந்து கேட்பாள். அதுவரை என்னோடு இரண்டாக உடைத்த முந்திரி மக்ரூன் இனிப்பை அவள் மூன்றாக உடைக்க ஆரம்பித்தாள். மூன்று துண்டில் பெரியது எது, அது யார் கைக்குப் போகிறது என்பதை நான் ஒவ்வொரு தடவையும் கவனித்தேன். "மூணு பேரு சேந்து வெளையாடினா ஒருத்தி அழுதுக்கிட்டுத்தான் வருவா" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள்.

சுத்துராட்டில் கோமதி எனக்கு இடதுகைப் பக்கம் உட்கார்ந்தாள். நாங்கள் எப்போதும் கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கமாகவே சுற்றுவோம். பிலோமி என்னைப் பார்த்துச் சிரித்து, எனக்கென்றே எறிகிற பந்து, பாதி வழியில் மனசு மாறினதுபோல வளைந்து கோமதியின் மடியில் போய் விழுந்தது. முன்பும் பந்து தவறத்தான் செய்யும், மணலில் விழும், சிரித்துக்கொண்டே எடுத்து வருவோம். அது விழுகிற பக்கத்தில் இப்போது ஒருத்தி உட்கார்ந்திருந்தாள், அவ்வளவுதான். ஆனால் அன்றைக்கு எனக்கு அது தெரியவில்லை. மூன்றாவது நாளும் அப்படியே ஆனபோது நான் குதித்து இறங்கிவிட்டேன்.

"வேணும்னே அவளுக்குப் போடுத."

"இல்லளா, ஒனக்குத்தான் போட்டேன். இந்தச் சோழக்காத்துதான் தள்ளிட்டுப் போவுது" என்று பிலோமி தென்மேற்கிலிருந்து வீசும் காற்றின்மேல் பழியைப் போட்டாள். மணலை வாரி முகத்தில் அடிக்கும் காற்றுதான். ஆனாலும் நான் நம்பவில்லை.

"காத்துக்கு அவ மடிதான் தெரியுமோ? இனிமே எங்கிட்ட பேசாத."

பிலோமிக்குக் கண் கலங்கிவிட்டது. கோமதிதான் நடுவில் வந்தாள். "மறுபக்கமா சுத்திப் பாப்போம். காத்துன்னா அப்பமும் எங்கிட்டத்தான வரணும்?" என்றாள். விருப்பமில்லாமல் ஏறினேன். மறுபக்கமாகச் சுற்றினோம். பந்து இந்தத் தடவை என் வலதுகைப் பக்கம் விலகி, ஆளில்லாத இடத்தைக் கடந்து மணலில் விழுந்தது. எத்தனை தடவை எறிந்தாலும் அப்படித்தான்.

கோமதி இறங்கிப் பக்கத்திலிருந்த சறுக்குமரத்தின் உச்சிக்கு ஏறினாள். எங்களைப் பழையபடி சுற்றச் சொல்லி, கொஞ்ச நேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தவள், திடீரென்று கத்தினாள்: "ஏளா, பந்து வளையவே இல்ல! நேராத்தான் போவுது. நீங்கதான் சுத்தி வெலகிப் போயிருதிய!"

நம்பாமல் நான் மேலே ஏறினேன். என் இடத்தில் கோமதி உட்கார்ந்தாள். பிலோமி எறிந்தாள். மேலிருந்து பார்த்தால் பந்து கோடு போட்டதுபோல நேராகப் போனது; அதற்குள் கோமதி தன் பலகையோடு வேறு இடத்துக்குப் போயிருந்தாள். கோமதிக்குப் போட்ட பந்தும் கோமதிக்குக் கிடைக்கவில்லை! பிலோமி என்னை ஏமாற்றவில்லை என்பதைவிட, கோமதிக்கும் கிடைக்கவில்லை என்பதுதான் அந்த நிமிஷம் எனக்கு இனித்தது. அந்த இனிப்பு நான் கீழே இறங்கும்வரைகூட நிற்கவில்லை. பிலோமி கோமதியின் தோளைக் கட்டிக்கொண்டு, "இவ மூளையப் பாத்தியாளா!" என்று என்னிடமே சொன்னாள். பந்து போனால் எடுத்து வரலாம். இந்தப் பாராட்டைக் கோமதியிடமிருந்து எப்படிப் பிடுங்குவது? அம்மா சொன்னபடி அன்று அழுதுகொண்டு வீடு போனவள் நான்தான். பேச்சு மட்டும் முறியவில்லை.

கல்லூரியில் காற்றோட்டங்களைப் பற்றிய பாடம் வந்தபோது சுற்றிக்கொண்டே இருக்கும் பூமியும் அதே விளையாட்டைத்தான் விளையாடுகிறது என்று தெரிந்தது. தென்கிழக்கிலிருந்து கிளம்பி வடக்கே வரும் காற்று, நிலநடுக்கோட்டைத் தாண்டியதும் வலப்பக்கம் ஒதுங்கித் தென்மேற்குக் காற்றாகிறதாம். பிலோமி பழிபோட்ட சோழக்காற்றே அப்படி வளைந்து வந்ததுதான். காற்று தள்ளும் நம் கடலின் மேல்நீரும் காற்றின் திசையிலேயே போகாமல் அதற்கு வலப்பக்கம் சாய்ந்து ஓடுகிறது. வங்கக்கடலில் தாழ்வு மையத்தை நோக்கிப் பாயும் காற்று, நேரே போய்ச் சேர முடியாமல் வலப்பக்கம் தவறித் தவறி அதையே சுற்றிவருவதுதான் புயல். வகுப்பில் மற்றவர்கள் வியந்துகொண்டிருக்க, கோமதி இதை எனக்கு முன்பே படித்திருப்பாளோ என்றுதான் என் புத்தி போனது.

பூங்காவில் இப்போது ரப்பர்த் தரையும் பிளாஸ்டிக் சறுக்குமரமும் இருக்கின்றன, சுற்றுவதற்கு ஒன்றுமில்லை. பிலோமி வீட்டார் இருந்த வளவு வீடுகளை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். அவள் மஸ்கட்டில் இருக்கிறாள், கோமதி கோயம்புத்தூரில். போன மழைக்கு எங்கள் தெருவில் தண்ணீர் ஏறி வீட்டுக்குள் வந்த மத்தியானம், பிலோமி போன் பண்ணினாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவள் குரல்.

"ஏளா, நல்லா இருக்கியா? வீட்டுக்குள்ள தண்ணி வந்துட்டாமே?"

"ஒனக்கு யாரு சொன்னா?"

"இப்பத்தான் கோமதிகிட்ட பேசிட்டு வச்சேன். ஒங்க தெரு தாழ்ந்த தெருவு, கண்டிப்பா ஏறியிருக்கும்னு அவதான் சொன்னா."

அவள் மேலே என்னென்னவோ விசாரித்தாள். நானும் பதில் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். அரிசிப் பானை மிதந்து வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. நான் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, இவள் ஏன் எனக்கு முதலில் பண்ணவில்லை என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.