இரண்டாம் கேட்டின் முகவரி

இரண்டாம் கேட் அண்ணாச்சியை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது நான் அச்செடுத்துக் கொண்டுபோன ஒரு தாள். பத்துப் பதினைந்து வரிதான் இருக்கும். கறுப்புத் திரையில் ‘டிக்’ என்ற கட்டளையைக் கொடுத்து எங்கள் சர்வரின் பெயரைக் கேட்டால், அந்தப் பெயருக்கு உரிய எண் முகவரி எது என்று பதில் வரும். அந்தப் பதிலைத்தான் அச்செடுத்திருந்தேன். மேலாளர் அறையில் அதை மேசைமேல் வைத்து, பெயர் சரியான முகவரிக்குத்தான் போகிறது, தவறு கணினியில் இல்லை என்று சொன்னேன். அப்படியென்றால் தவறு யாருடையது என்று நான் சொல்லவில்லை. அந்த அறையில் நின்றுகொண்டிருந்தவர் அவர் ஒருவர்தான்.

தூத்துக்குடி துறைமுகத்துக்குப் போகும் சாலையில் ஒரு கன்டெய்னர் யார்டின் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அப்பாவும் அம்மாவும் உப்பளத்தில் வேலை செய்தவர்கள். வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பாலிடெக்னிக் முடித்து, கழுத்தில் அடையாள அட்டையோடு அந்த யார்டுக்குள் நுழைந்ததில் எனக்குப் பெருமை உண்டு. அதை மறைக்க நான் முயன்றதில்லை. அண்ணாச்சி மணப்பாட்டுக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். இரண்டாம் கேட்டில் லாரி உள்ளே வரும்போது கன்டெய்னர் எண்ணைக் கணினியில் பதிவது அவர் பொறுப்பு. இரண்டு விரலால்தான் தட்டுவார், ஆனால் ஓர் எழுத்து தப்பாது. டிக் என்றால் தோண்டு என்று யாரோ அவருக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். என்னைக் கண்டால், “ஏளா, இன்னைக்கு எங்கன தோண்டுன? தண்ணி வந்துச்சா?” என்பார். “உங்க கேட்டுக்குக் கீழதான் அண்ணாச்சி, உப்புத்தண்ணியாத்தான் வருது” என்று நானும் சொல்லிவிட்டுப் போவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய சர்வரை மாற்றிப் புதியதை வைத்தோம். பெயர் அதேதான்; அந்தப் பெயருக்கு உரிய முகவரி மட்டும் மாறியது. கேட்டில் இருப்பவர்களுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. எண்ணுக்குப் பதில் பெயர் வைப்பதன் பயனே அதுதான். பழைய சர்வரையும் ஒரு வாரம் ஓடவிடுவதாக ஏற்பாடு. திங்கட்கிழமை காலையில் இரண்டாம் கேட் வழியாக எட்டுக் கன்டெய்னர்கள் வந்தன. ஒன்றில் உறையவைத்த இறால். அலுவலகத் திரையில் எட்டில் ஒன்றுகூட இல்லை. ஏற்றும் பட்டியலில் சேராததால் இறால் கன்டெய்னர் யார்டிலேயே நின்றது, கப்பல் போய்விட்டது.

எட்டையும் பதிந்ததாகவும், தன் திரையில் அவை இருப்பதாகவும் அண்ணாச்சி திரும்பத் திரும்பச் சொன்னார். “ஏளா, ஒரு தடவ அங்கன வந்து எம் கம்ப்யூட்டர்ல பாரு” என்று என்னிடம் கேட்டார். நான் போகவில்லை. என் மேசையிலிருந்தே அவருடைய கணினிக்குள் நுழைந்து, அங்கிருந்தே டிக் கொடுத்துப் பார்த்தாகிவிட்டது. பதில் புதிய முகவரி. அதற்கு மேல் அரைக் கிலோமீட்டர் வெயிலில் நடப்பானேன் என்றிருந்தது. அந்தப் பதிலைத்தான் அச்செடுத்து மேலாளர் அறைக்குக் கொண்டுபோனேன். விசாரணை முடியும்வரை வேலைக்கு வரவேண்டாம் என்று மேலாளர் அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டார். நான் வெளியே வந்தபோது வாசலில் அண்ணாச்சி நின்றார்.

“ஒன் கருப்பு ஸ்க்ரீன் பொய் சொல்லாதுன்னா, அப்ப நாந்தான் பொய் சொல்லுதேன், என்ன?”

நான் என் மேசைக்குத் திரும்பினேன். அன்று மாலைக்குள், பதியாமலே பதிந்தேன் என்று சாதிக்கிறவர் என்ற பெயர் யார்டு முழுவதும் அவருக்கு வந்துவிட்டது.

மறுநாள் அவர் இடத்தில் வேறொருவரை உட்காரவைக்க நானே இரண்டாம் கேட்டுக்குப் போக வேண்டியிருந்தது. புதியவர் என் கண்முன்னால் ஒரு கன்டெய்னரைப் பதிந்தார். அந்தத் திரையில் அது தெரிந்தது. அதற்கு மேலே அண்ணாச்சி பதிந்த எட்டும் வரிசையாக இருந்தன. அலுவலகத்துக்குப் போன் செய்தேன். அங்கே ஒன்றும் வரவில்லை. நின்றபடியே டிக் கொடுத்தேன்: புதிய முகவரி. ‘கெட்என்ட்’ என்று இன்னொரு கட்டளை உண்டு, அதைக் கொடுத்தேன்: பழைய முகவரி. ஒரே கணினி, ஒரே பெயர், இரண்டு பதில்.

டிக் நேராக யார்டுக்குப் பொதுவான பெயர்ப் பதிவேட்டைப் போய்க் கேட்கும். கணினியில் ஓடும் மற்ற நிரல்கள் அப்படிச் செய்வதில்லை. அந்தக் கணினிக்குள்ளேயே ஒரு சின்னக் கோப்பில் அந்தப் பெயரை யாராவது கையால் எழுதிவைத்திருக்கிறார்களா என்று முதலில் பார்க்கும். இருந்தால் அதையே நம்பிவிடும். கெட்என்ட்டும் அதே வழியில்தான் தேடும். இது படித்ததுதான், எனக்கு நன்றாகத் தெரியும். முதல் நாள் அதையும் கொடுத்துப் பார்க்கத்தான் தோன்றவில்லை. இப்போதெல்லாம் முகவரி மாற்றினால் எல்லாக் கணினியிலும் இரண்டு கட்டளையையும் கொடுத்து, பதில்களை ஒப்பிட்டுப் பார்க்காமல் வீட்டுக்குப் போவதில்லை.

கோப்பைத் திறந்தேன். பழைய முகவரி, சர்வரின் பெயர், பக்கத்தில் தற்காலிகம் என்பதற்கான ஆங்கிலச் சொல், நடுவில் ஓர் எழுத்து குறைந்து. அந்தச் சொல்லை நான் எப்போதும் அப்படித்தான் எழுதுவேன்; பாலிடெக்னிக்கில் சிவப்பு மையால் சுழித்துச் சுழித்துக் கொடுத்திருக்கிறார்கள். முந்தைய ஐப்பசி மழையில் பெயர்ப் பதிவேடு இருந்த இயந்திரம் நின்றுபோனபோது, லாரிகள் காத்துக் கிடக்க, அவசரத்துக்கு நான் எழுதிய வரி. மழை விட்டதும் அதை எடுக்க மறந்திருக்கிறேன். அண்ணாச்சி பதிந்த எட்டும் அந்த வரியால் பழைய சர்வருக்கே போயிருந்தன.

மேலாளரிடம் உடனே சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கணினிக் கோளாறு என்று ஓர் அறிவிப்பு ஒட்டிவிட்டு அண்ணாச்சியை வரச்சொல்லிவிடலாம் என்றார். புதன்கிழமை அண்ணாச்சி வந்தார், அறிவிப்பை வாசித்தார், கேட்டுக்குப் போகவில்லை.

“சிஸ்டம்னு போட்டா பாதிப் பேரு இன்னும் நாந்தான்னு நெனப்பான். சிஸ்டத்துக்கு மூஞ்சியா இருக்கு? செஞ்சது யாருன்னு போடுங்க சார். இல்லன்னா எனக்கு இந்த வேல வேண்டாம்.”

மேலாளர் என்னைப் பார்த்தார். அதுவரை என் பெயர் அச்சில் வந்ததெல்லாம் மதிப்பெண் பட்டியலிலும் வேலைக்கு எடுத்த கடிதத்திலும்தான். அம்மா அவற்றை பிளாஸ்டிக் உறையில் போட்டு பீரோவில் வைத்திருக்கிறாள். நான் உட்கார்ந்து வேறோர் அறிவிப்பு எழுதினேன். எட்டுப் பதிவும் சரி. பழைய முகவரியை எழுதிவிட்டு எடுக்க மறந்தது நான். கணினியில் தவறில்லை என்று சொன்னதும் நான். கீழே என் பெயர்.

அண்ணாச்சி வரியின்மேல் விரலை வைத்து நிதானமாக வாசித்தார். முடித்ததும் என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. தாளைத் திருப்பித் தந்து என் பெயரைத் தொட்டுக் காட்டினார். பில்லிங் பிரிவில் அதே பெயரில் இன்னொரு பெண், போன மாதம்தான் வேலைக்குச் சேர்ந்திருந்தாள்.

“இந்தப் பேர்ல ரெண்டு பேரு இருக்கீங்க. இனிஷியலும் போடு. அந்தப் பிள்ளைக்குப் பழி வந்துரக் கூடாது.”

பேனாவை வாங்கி, பெயருக்கு முன்னால் அப்பாவின் எழுத்தைப் போட்டேன். அவர் தாளை எடுத்துக்கொண்டுபோய், தன் கையாலேயே அறிவிப்புப் பலகையில் குத்தினார்.