வாய் வைத்துக் குடித்த காபி

கல்லூரிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, தொண்ணூறுகளில், தேனாம்பேட்டையில் ஒரு கம்ப்யூட்டர் நிறுவனத்தில் வகுப்பு எடுத்தேன். வெளிநாட்டுக்குக் கிளம்பும் இளைஞர்களுக்குப் பிறர் கண்ணால் உலகத்தைப் பார்க்கப் பழக்குவது என் வேலை. நமக்கு அருவருப்பாக இருப்பது இன்னொருவருக்கு இயல்பாக இருக்கலாம் என்று அடிக்கடி சொல்வேன்.

ஒருநாள் கோப்பையில் வாய் வைத்துக் காபி குடிக்கச் சொன்னேன். அண்ணாந்து ஊற்றியே பழகிய மயிலாப்பூர்ப் பையன்கள் நெளிந்தார்கள். அடையாற்றங்கரைக் குடிசைப் பகுதியிலிருந்து படித்து வந்த ஒருவன் மட்டும் சிரித்தான்.

"இன்னா சார், இதுக்குக்கூட கிளாஸா? எங்க டீக்கடைல தூக்கி ஊத்திக்கினா, 'இன்னா நைனா, கிளாஸ் அழுக்கா கீதா?'ன்னு சண்டைக்கு வருவான்."

இவனிடம் கற்றுக்கொள்ளுங்கள் என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

அங்கேயே வேலை பார்த்த என் மகள், அவனைத்தான் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகச் சில மாதங்களில் சொன்னாள். "நீ சரின்னு ஒரு வார்த்தை சொன்னாப் போறும்ப்பா. அவருக்கு உன்மேல அவ்வளவு மரியாதை."

சொல்லிவிடுவேன் என்றே நானும் நம்பினேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தான். வெள்ளி டம்ளரில் என் மனைவி கொடுத்த காபியை நிதானமாக வாய் வைத்துக் குடித்தான். அவள் டம்ளரை எடுக்கக் குனிந்தாள்.

"உள்ள கொண்டு போகாதே. கொல்லைக் குழாயடில வை" என்றேன்.

யோசிக்கவில்லை. தானாக வந்தது.

அவன் எழுந்து டம்ளரை எடுத்துக்கொண்டான். "குழாய் எந்தப் பக்கம் சார்?"

மகள் அதைப் பிடுங்கினாள். "பம்பாய்ச் சித்தப்பாவும் எச்சல் பண்ணித்தானே குடிக்கறார்? அவர் டம்ளர் மட்டும் நேரா அடுக்களைக்குப் போறதே, எப்படி?"

"அது வேற" என்றேன்.

"எது வேறன்னு சொல்லு. கிளாஸ்ல அவ்வளவு பேசறியே, இதையும் சொல்லு."

அவன் முன்னால் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லியிருந்தால் நேர்மையாவது மிஞ்சியிருக்கும். இருவரும் சேர்ந்தே வெளியேறினார்கள். பதிவாளர் அலுவலகத்தில் கல்யாணம் நடந்தது, என்னைக் கூப்பிடவில்லை.

அவன் வந்துபோன மறுநாள், திங்கட்கிழமையும் வகுப்பு எடுத்தேன். வழக்கமான அதே வாக்கியங்கள்தான். நன்றாகப் பேசினேன் என்றுகூடப் பாராட்டினார்கள். அவன் இருந்த நாற்காலி காலியாக இருந்தது.

மகள் இப்போதும் தொலைபேசியில் கூப்பிடுவாள். நான் எடுத்தால், "அம்மா இருக்காளா?" என்பாள். இல்லை என்றால், "அப்புறம் பண்றேன்" என்று வைத்துவிடுவாள்.