வண்டி நகர மறுத்த இடம்

கோவிந்தாபுரம் தாண்டி என் புதிய மின்சாரக் காரில் வந்துகொண்டிருந்தேன். உச்சி வெயில். எங்கள் பக்கம் அறுவடை முடிந்தால் காய்ந்த கொள்ளுச் செடியை ரோட்டிலேயே பரப்பிவிடுவார்கள். வண்டிகள் ஏறிப் போனால் மணி உதிர்ந்துவிடும். அன்றும் கனமாகப் பரப்பியிருந்தது. ஓரத்தில் நின்ற பெண் கையை வீசினாள்.

"ஏத்துங்கண்ணா, நல்லா மிதிச்சுட்டுப் போங்க!"

கார் தானாகப் பிரேக் பிடித்து நின்றுவிட்டது. திரையில், செடிக்கு நடுவே ஒரு மனித உருவம். எனக்கு எரிச்சலாக வந்தது. இத்தனை கேமராவும் கம்ப்யூட்டரும் இருந்து என்ன, கொள்ளுக்கும் ஆளுக்கும் வித்தியாசம் தெரியவில்லையே!

"ஏனுங்க, வண்டி ரிப்பேருங்களா?"

"இதுக்குக் கொள்ளு தெரியாதுங்க. ஆளுன்னு நினைச்சுக்குது," என்று சிரித்தபடி, தானியங்கி பிரேக்கை நிறுத்தும் பொத்தானைத் திரையில் தேடினேன். விரல் அதைத் தொடப்போன நேரம் செடி அசைந்தது. ஒரு கால் நீண்டது. வெயிலுக்கு உடம்பு முழுக்கச் செடியை இழுத்துப் போட்டுப் படுத்திருந்த ஒருவர் எழுந்து உட்கார்ந்தார்.

அவளுடைய கணவர்.

"அய்யோ! டீக்கடைக்குப் போறேன்னுதானுங்களே சொன்னீங்க!" என்று அலறினாள்.

"செத்த கண்ணசந்துட்டேன்," என்றார் அவர், தலையில் ஒட்டிய இலையைத் தட்டிக்கொண்டே.

அவள் அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டாள். என்னை ஏற்றச் சொல்லி வீசிய தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் என் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போதெல்லாம் கொள்ளு பரப்பிய ரோட்டைக் கண்டால், இறங்கி ஒருமுறை நடந்து பார்த்துவிட்டுத்தான் ஏற்றுகிறேன். பின்னால் ஹாரன் அடிப்பவர்கள் அடிக்கட்டும்.