இடம் பற்றாத ‘இல்லை’

செஞ்சி பஜாரில் பாண்டுரங்கனைத் தெரியாதவர்கள் இருக்கலாம்; அவர் எழுத்தைத் தெரியாதவர்கள் கிடையாது. ஜவுளிக்கடை, மருந்துக்கடை, சைக்கிள் கடை என்று எந்தப் போர்டை அண்ணாந்து பார்த்தாலும் முதல் எழுத்து சம்பந்தி வீட்டுக்காரர் மாதிரி காலை அகட்டி உட்கார்ந்திருக்கும். நடுவில் வருகிறவை கொஞ்சம் ஒடுங்கிக்கொள்ளும். கடைசி இரண்டும் திண்டிவனம் பஸ்ஸின் படிக்கட்டில் பயணம் செய்கிறவர்களைப் போல, போர்டின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கும்.

“யோவ் பெயிண்டரு, என் கடை பேரு ஸ்டோர்ஸ். ‘ஸ்டோ’வோட நிக்குதே” என்று ஒரு ஜவுளிக்கடைக்காரர் சண்டைக்கு வந்தபோது, பாண்டுரங்கன் பிரஷ்ஷைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “கலைன்னா பாக்கறவனுக்கும் கொஞ்சம் வேல குடுக்கணும் மொதலாளி. மிச்சத்த ஜனங்க படிச்சிக்குவாங்க.”

தன்னை ஓவியர் என்று அவர்தான் சொல்லிக்கொண்டார். ஊர் அவரை ‘பெயிண்டரு’ என்றது. நாடகங்களுக்கு அவர் திரை எழுதியதும் உண்டு. கைலாசமோ, காட்டு வழியோ, பாண்டியன் சபையோ, திரைக்குப் பின்னால் ராஜகிரி மலை நிற்கும். அவருக்கு வரையத் தெரிந்த மலை அது ஒன்றுதான். தேர்தல் வந்தால் கீழண்டைச் சுவரில் இரட்டைக் காளை பூட்டுவார். எதிர்ச் சுவரில் சூரியனை உதிக்க வைப்பார். “நீ எந்தக் கட்சிய்யா?” என்று கேட்டவர்களிடம், “நான் சுண்ணாம்புக் கட்சி. வெள்ளையடிச்ச சொவரு எங்க இருக்குதோ அங்க நான்” என்றார். அதைச் சொல்லும்போது தனக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்ததாகவும், வெட்கத்தோடு சொன்னதால்தான் எல்லோரும் சிரித்ததாகவும் பிற்பாடு ஒப்புக்கொண்டார்.

இப்படிப்பட்டவருக்குச் சமூக நீதி பிடித்துக்கொண்டது 1966-இல். காரணம் ஒரு மைக்.

பஜாரின் படிப்பகத்துக்கு ஜீவராஜ் என்று ஒரு செயலாளர். கடலை வியாபாரம் செய்யும் ஜைனக் குடும்பத்துப் பிள்ளை. காலையில் மண்டி, மாலையில் புத்தகம். ஆண்டு விழாவுக்கு வரவேண்டிய பேச்சாளர் வராமல்போக, பந்தலில் கொடி கட்டிக்கொண்டிருந்த பாண்டுரங்கனைப் பிடித்து மேடையில் ஏற்றிவிட்டார். ஏற்றியது எளிதாக இருந்தது. இறக்குவதற்குத்தான் ஒரு மணி நேரம் ஆயிற்று.

“ஓவியனுக்கு எதுக்குத் தூரிகை? சாமி படம் எழுதவா? சோப்பு விளம்பரம் எழுதவா?” என்று மைக்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கேட்டார். “காபிக் கடையில எனக்கு ஒரு டம்ளர், உழைக்கிறவனுக்கு ஒரு டம்ளரா? அந்த டம்ளரை நொறுக்குற வரைக்கும் என் தூரிகை தூங்காது! இன்னும் ஒண்ணு சொல்றேன். இன்னையிலேர்ந்து எந்தப் போர்டுக்கும் பிள்ளையார் சுழி போட மாட்டேன். நான் பகுத்தறிவாளன்!”

கைதட்டல் ராஜகிரி வரை போயிருக்கும். தொண்டை வறண்டுபோன பாண்டுரங்கன் மேடையிலிருந்து இறங்கி நேராக ராஜாங்கத்தின் காபிக் கடைக்குப் போய், தன் வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்து, பித்தளை டம்ளரில் காபியை ஆற்றிக் குடித்தார்.

அந்தக் கடையில்தான் இரண்டு டம்ளர். உள்ளே பெஞ்சும் நாற்காலியும் பித்தளையும். மண்டியில் மூட்டை தூக்குகிறவர்களுக்குப் பின்பக்க ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே ஆணியில் நாலு அலுமினிய டம்ளர். குடித்தவரே கழுவி மாட்டவேண்டும். பாண்டுரங்கன் கை கழுவப் பின்பக்கம் போனபோது அங்கே பாவாடை என்பவர் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். மண்டியில் நூறு மூட்டையைத் தனியாக லாரியில் ஏற்றுகிற ஆள். பாண்டுரங்கனைவிடப் பத்து வயது பெரியவர்.

“இன்னா பாவாடை, என் பேச்சு கேட்டியா?”

“கேட்டுச்சுங்க பெயிண்டரே. பின்பக்கம் வரைக்கும் நல்லா கேட்டுச்சு.”

அதில் குத்தல் இருந்ததா இல்லையா என்று வீடு போய்ச் சேருகிறவரை யோசித்தார் பாண்டுரங்கன். வீட்டில் மனைவி அம்மாக்கண்ணு, இருந்தது என்று தீர்ப்புச் சொன்னாள்.

அடுத்த மாதமே ராஜாங்கம் கூப்பிட்டனுப்பினார். வியாபாரிகள் சங்கத் தலைவர். பஜாரில் எந்தப் போர்டு யாருக்கு என்பது அவர் வாயில்தான் இருந்தது.

“ஒரு வரி எழுதணும். வாசலுக்கு மேல, வெளிய செவுத்துல.”

“சொல்லுங்க மொதலாளி.”

“மூட்டக்காரனுங்கல்லாம் உன் பேச்சக் கேட்டுட்டு மொணமொணங்கறானுங்க. ஒருத்தன் உள்ள எட்டிப் பாத்தான். சட்டம் வந்து பத்து வருசத்துக்கு மேல ஆவுது. இன்ன சாதிக்கு இடமில்லன்னு எழுதுனா உள்ள தூக்கிப் போட்டுடுவான். அதனால யாரையும் சொல்லாம எழுதணும். நல்லா கேட்டுக்க: ‘உள்ளே அமர எல்லோருக்கும் அனுமதி இல்லை.’ யாருக்கு இல்லன்னு எவன் வந்து கேப்பான்?”

தூங்காத தூரிகை இந்த இடத்தில் எழுந்து நின்றிருக்கவேண்டும். பாண்டுரங்கனும் அதைத்தான் எதிர்பார்த்தார். அது எழவில்லை. அதற்குப் பதிலாக, எழுதுகிறவன் வேறு, கருத்துச் சொல்கிறவன் வேறு என்று ஒரு நியாயம் வந்தது. எழுதுகிறவன் சாயம் கலக்க ஆரம்பித்தான். கருத்துச் சொல்கிறவன் ஏணியைச் சாத்தினான்.

ராஜாங்கம் சர்க்கரை மூட்டைக்காகத் திண்டிவனம் பஸ் ஏறிவிட்டார். பாண்டுரங்கன் சிவப்புச் சாயத்தில் ‘உ’வை ஆரம்பித்தார். சம்பந்தி வீட்டு ‘உ’. கடைசியில் ‘அனுமதி’யின் ‘தி’ முடிந்தபோது, அதற்கும் கரண்ட் மீட்டர் பெட்டிக்கும் நடுவில் நாலு விரல் இடம்தான் மிச்சம். ‘இல்லை’க்கு இடம் இல்லை.

சின்ன பிரஷ் வீட்டில் இருந்தது. எடுத்து வரலாம் என்று இறங்கும்போது ஏணிக்குக் கீழே பாவாடை நின்றார். கடலை மூட்டைகளின் மேல் எழுதியிருக்கும் வியாபாரிகளின் பெயரைப் பார்த்துப் பார்த்து எழுத்துக் கற்றுக்கொண்டவர். உதடு அசைய, ஒவ்வோர் எழுத்தாகத் தூக்கி வைத்துப் படித்தார்.

“உள்…ளே… அமர… எல்லோ…ருக்கும்… அனு…மதி.” மறுபடியும் ஒரு தடவை படித்தார். “பெயிண்டரே, எல்லோருக்கும்னா எனக்குமா?”

இன்னும் மூன்று எழுத்து பாக்கி இருக்கிறது என்று சொல்லவேண்டியது பாண்டுரங்கனின் கடமை. சொல்ல வாயைத் திறந்தார். போன மாதம் ஒரு மணி நேரம் மூடாத வாய் இப்போது மாட்டிக்கொண்டது.

“இப்போதிக்கி… அப்டித்தான் எழுதியிருக்குது” என்றார்.

பாவாடை தோளிலிருந்த துண்டை உதறினார். கால்களை வாசற்படியில் இரண்டு தடவை தேய்த்தார். உள்ளே போனார். பாண்டுரங்கனின் வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தார்.

கடை அப்படியே நின்றுபோனது. ஒருவர் வடையைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். இன்னொருவர், “போர்டுல அப்டித்தான்யா போட்டுருக்குது” என்று முணுமுணுத்தார். மாஸ்டர் வெளியே வந்து சுவரைப் பார்த்தார், உள்ளே போனார், பித்தளை டம்ளரில் டீயை வைத்தார். பாவாடை டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தார். பாண்டுரங்கன் ஏணிக் கம்புகளின் நடுவே அதைப் பார்த்தார். பாவாடை ஒரு சொட்டுச் சிந்தாமல் குடித்து முடித்தார்.

அந்த நேரம் பார்த்து ஜீவராஜ் சைக்கிளில் வந்தார். சுவரைப் படித்தார். சைக்கிளைக் கீழே போட்டார்.

“ஓவியரே!” என்று பாண்டுரங்கனைக் கட்டிக்கொண்டார். “சொன்னத செஞ்சிட்டீங்களே!”

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் அவரை ஓவியர் என்று கூப்பிட்டார். அதை எப்படி மறுப்பது?

சாயங்கால பஸ்ஸில் ராஜாங்கம் இறங்கினார். சுவரைப் பார்த்தார். நேரே பாண்டுரங்கன் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார்.

“யோவ், ‘இல்லை’ எங்கய்யா?”

“இல்லைங்க.”

“அதான் எங்கன்னு கேக்கறேன்.”

“இல்லைக்கு எடம் இல்லைங்க மொதலாளி.”

“காலையில எட்டு மணிக்குள்ள அந்த மூணு எழுத்து செவுத்துல இருக்கணும். இல்லன்னா இந்தப் பஜார்ல நீ இனிமே ஒரு புள்ளி வைக்க முடியாது.”

அவர் போனதும் அம்மாக்கண்ணு முறத்தைக் கீழே வைத்தாள். “எழுதப் போறியா?”

“யோசிக்கறேன்.”

“நீ எழுதுனா நாளைக்கி அந்த ஆளக் கழுத்தப் புடிச்சி வெளிய தள்ளுவாங்க. ஒக்காந்ததுக்குச் சேத்து ஒதையும் விழும். மைக் முன்னால ஒரு மணி நேரம் பேசத் தெரிஞ்சுது. மூணு எழுத்து எழுதாம இருக்கத் தெரியாதா? வேல செய்யாம இருக்கறது உனக்குப் புதுசாய்யா?”

நியாயம்தான். ஆனால் பஜாரில் போர்டு எழுதாமல் செஞ்சியில் அவர் எந்தச் சுவரை நம்பிப் பிழைப்பார்? ராஜகிரி மலை மேல் யாரும் போர்டு வைப்பதில்லை.

காலையில் சின்ன பிரஷ்ஷோடு போனார். எழுதத்தான் போனார், இதில் யாரும் அவருக்குப் பெருமை சேர்க்கவேண்டியதில்லை. வாசலில் நாற்காலி போட்டு ராஜாங்கம் உட்கார்ந்திருந்தார். எதிரே பாவாடையும் மண்டி ஆட்கள் பத்துப் பதினைந்து பேரும். ஜீவராஜ் வேறு. நேற்று ஒருவர் குடித்ததை இன்று எல்லோரும் குடிக்க வந்திருந்தார்கள்.

பாண்டுரங்கன் ஏணியில் ஏறினார். நாலாவது படியில் ஏணி ஆடியது. ஆடியது ஏணியா, கால்களா என்பது இன்றுவரை தெரியாது. கீழே பார்த்தார். பாவாடை ஓடி வந்து இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

“பாத்து, பெயிண்டரே. நான் புடிச்சிருக்கேன்.”

“நல்லா… நல்லா புடிச்சுக்கோங்க” என்றார் பாண்டுரங்கன். பாவாடையிடம் அவர் சொன்ன முதல் ‘ங்க’ அதுதான். அதுவும் பயத்தில் வந்தது.

யார் தன்னைக் கீழே விழாமல் பிடித்திருக்கிறாரோ, அவரை வெளியே தள்ளுகிற வார்த்தையை எழுதவேண்டும். மேலே மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. நாலு விரல் இடம். பிரஷ்ஷைத் தொட்டு வைத்தார்.

பயம் வந்தால் மனிதனுக்கு மேடையில் பேசியதெல்லாம் மறந்துபோகிறது. பத்து வயதில் பழகியதுதான் நினைவிருக்கிறது. பகுத்தறிவாளர் பாண்டுரங்கனின் கை, அவரைக் கேட்காமலேயே, முதலில் ஒரு பிள்ளையார் சுழியைப் போட்டுவிட்டது.

சுவரில் சிவப்பாக ஒரு ‘உ’.

“இன்னாய்யா அது?” என்று ராஜாங்கம் எழுந்தார்.

கீழே ஏணியைப் பிடித்தபடியே பாவாடை அண்ணாந்து, உதடு அசையப் படித்தார். “அனுமதி… உ…” நிறுத்தினார். முகம் மலர்ந்தது. “உண்டு! உண்டுன்னு எழுதறாருடா!”

பதினைந்து பேரும் ஒரே சத்தமாக, “உண்டு!” என்றார்கள். பஜார் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஜீவராஜ் கைதட்டினார்.

பாண்டுரங்கன் சுழியைப் பார்த்தார். அது சுழி என்று சொன்னால் படிப்பகத்தில் மானம் போகும். அதை அழித்து ‘இல்லை’ எழுதினால் ஏணியைப் பிடித்திருக்கும் கைகள் என்ன செய்யும் என்று தெரியாது. அவை ஒன்றும் செய்யாது, அப்படியே பிடித்துக்கொண்டுதான் இருக்கும் என்று ஒரு கணம் தோன்றியது. அதுதான் தாங்கவில்லை. மிச்சமிருந்த மூன்று விரல் இடத்தில், மூச்சைப் பிடித்துக்கொண்டு, ‘ண்டு’வைத் திணித்தார். ‘டு’வின் வால் மீட்டர் பெட்டி மேல் ஏறிவிட்டது.

“மூணு எழுத்து கேட்டீங்க மொதலாளி” என்றார் மேலிருந்தே. “மூணு எழுத்து இருக்குது.”

ராஜாங்கம் சுண்ணாம்பு வாளியைக் கொண்டுவரச் சொன்னார். அப்போது தாலுகா ஆபீஸ் குமாஸ்தா ஒருவர் காபிக்கு வந்தவர், நின்று படித்தார். “பலே ராஜாங்கம்! எல்லாக் கடையிலயும் இப்டி எழுதச் சொல்லணும்யா” என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். குலுக்கின கையால் எப்படிச் சுண்ணாம்பு அடிப்பது? எல்லோருக்கும் அனுமதி உண்டு என்பதை ஊர் பார்க்க அழித்தால், அது என்ன குற்றம் என்று குமாஸ்தாவுக்கே தெரியுமே. ராஜாங்கம் சிரித்தார். அன்றிலிருந்து அவரும் சீர்திருத்தவாதி. படிப்பகம் இரண்டு பேருக்கும் மாலை போட்டது. ஏணியைப் பிடித்த ஆளுக்கும், உள்ளே உட்கார்ந்து முதல் டீயைக் குடித்த ஆளுக்கும் மாலை போட யாருக்கும் தோன்றவில்லை. இரண்டும் ஒரே ஆள்தான், ஒரு மாலை போதுமாக இருந்திருக்கும். கழுத்தில் மாலையோடு இதை நினைத்துக்கொண்டிருந்த பாண்டுரங்கனும் எழுந்து சொல்லவில்லை. அன்றைக்கு மைக் சரியாகத்தான் இருந்தது.

ஆனால் ராஜாங்கத்திடம் ஒரு ‘இல்லை’ மிச்சமிருந்தது. அதை யாருக்காவது கொடுத்தாகவேண்டும். மறுநாள் காபிக்குப் போன பாண்டுரங்கனை வாசலிலேயே மறித்தார்.

“போர்டுல இன்னா எழுதியிருக்குது?”

“எல்லோருக்கும் உண்டுன்னு…”

“எல்லாருக்கும் உண்டு. உனக்கு மட்டும் இல்ல. போ, பின்னால போ.”

பாண்டுரங்கன் பின்னால் போனார். செஞ்சியில் அதைவிட நல்ல காபி கிடையாது. கொள்கைக்காக அவர் எதை விட்டாலும் அதை விடமாட்டார். ஆணியில் நாலு அலுமினிய டம்ளரும் சும்மா தொங்கின. ஒன்றை எடுத்து ஜன்னலில் நீட்டினார். குடித்தார். உதடு சுட்டது, அலுமினியம் இவ்வளவு சுடும் என்று ஒரு மணி நேரப் பேச்சில் அவர் சொல்லவே இல்லை. தெரிந்திருந்தால்தானே சொல்லியிருப்பார்.

உள்ளே, அவருடைய நாற்காலியிலிருந்து பாவாடையின் குரல் வந்தது.

“பெயிண்டரே! சூடு போதுமா? பின்பக்கம் வரைக்கும் கேக்குதா?”

“கேக்குதுங்க” என்றார் பாண்டுரங்கன், டம்ளரைக் கழுவி மாட்டிக்கொண்டே.