முருங்கைக்காய்க்குக் குடியுரிமை வாங்கிக் கொடுத்த பயணம்

யாரும் நம்பப்போவதில்லை என்று தெரிந்தே, வலது கையை நெஞ்சில் வைத்து உறுதி கூறி இந்தக் கதையைத் தொடங்குகிறேன். நம்புகிறவர் எவரேனும் இருந்தால் நல்ல மருத்துவரைப் பார்ப்பது உத்தமம்.

எண்பதுகளின் நடுப்பகுதி. வளைகுடாவின் ஆறு நாடுகளும் கூட்டுச் சேர்ந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. ஒரு நாட்டில் விளைந்த காய்கறிக்கு மற்ற ஐந்தில் சுங்கத் தீர்வை கிடையாது, அதைச் சொந்த விளைச்சலாகவே நடத்த வேண்டும் என்பது புது ஏற்பாடு. வெளியிலிருந்து வந்த காய் என்றால் தீர்வையும் கட்ட வேண்டும், நோயில்லை என்று விளைந்த நாடு தரும் நலச் சான்றிதழும் காட்ட வேண்டும். நான் அப்போது துபாயில் ஒரு குளிர்பதனக் கிடங்கின் மேற்பார்வையாளன். நான் ஒரு பார்வை பார்த்தால் போதும், தண்ணீர் தானே ஐஸ் ஆகிவிடும்.

கிடங்குக்குக் காய் அனுப்புகிறவர்களில் ஒருவர் சென்னியப்பன். அரவக்குறிச்சிக்காரர். ராசல் கைமாவில் திக்தாகா பக்கம் ஒரு பண்ணையில் ஃபோர்மேன். ஊரிலிருந்து கொண்டுவந்த விதையைப் போட்டு இரண்டு ஏக்கர் முருங்கை வளர்த்து வைத்திருந்தார். காயின் நீளத்தைச் சொல்கிறேன், கேளுங்கள்: காம்பை திக்தாகாவில் அறுத்தால், நுனியைப் பிடித்துக்கொள்ள ஃபுஜைராவுக்கு ஆள் அனுப்ப வேண்டும்.

ஆனால் பண்ணை முதலாளியான அர்பாபுக்கு முருங்கை பிடிக்கவில்லை. தீவனப்புல் என்றால் லாரி வாசலுக்கே வந்து வாங்கிக்கொண்டு போகிறது, இந்தக் குச்சியை யார் தின்பார்கள் என்பது அவர் கேள்வி. ஒரே ஒரு லோடு சவூதியில் விற்றுக் காட்டு. இல்லையென்றால் சனிக்கிழமை மரங்களை வெட்டிப் புல் போடுகிறேன், உனக்கும் ஊருக்கு டிக்கெட் போடுகிறேன் என்று சொல்லிவிட்டார்.

வாங்க ஆள் இருந்தது. சவூதியின் ஜுபைலில் ஒரு பெரிய தொழிலாளர் கேம்பின் தலைமைச் சமையல்காரர் சிவலிங்கம், யாழ்ப்பாணத்துக்காரர். முழு லோடும் எடுப்பதாகச் சொன்னார். போனில் என்னிடம் ஒரு நிபந்தனையும் போட்டார்: “அண்ணை, வளைகுடாக் காய் எண்டு தெரிஞ்சா இஞ்ச ஒருத்தரும் தொடமாட்டினம். ஊர்ப் பேப்பரிலை சுத்தி, சணல் சாக்கிலை கட்டி விடுங்கோ. கண் ருசிச்சாத்தான் நாக்கு ருசிக்கும்.”

சென்னியப்பனும் அப்படியே செய்தார். பண்ணையில் வேலை செய்த அத்தனை பேரின் டிரங்குப் பெட்டியிலிருந்தும் பழைய தமிழ்ச் செய்தித்தாள்கள் வெளியே வந்தன.

புதன்கிழமை காலை நாலு மணிக்குத் திக்தாகாவிலிருந்து எங்கள் கிடங்கின் குளிரூட்டிய லாரியில் நானும் சென்னியப்பனும் கிளம்பினோம். ஓட்டியவர் பெஷாவர்க்காரர் கான் பாய். துபாய்க்குத் தொண்ணூறு கிலோமீட்டர், அங்கிருந்து அபுதாபிக்கு நூற்றைம்பது, பிறகு எல்லைக்கு முந்நூற்றைம்பது. அபுதாபி தாண்டியதும் சாலையில் பார்க்க எதுவும் கிடையாது. எதிரே ஒரு ஒட்டகம் வந்தால் மூன்று பேரும் இறங்கி நலம் விசாரித்துவிட்டுப் போனோம். வெயில் எவ்வளவு என்றால், எங்கள் நிழல் லாரிக்கு அடியில் புகுந்து படுத்துக்கொண்டது.

எல்லையை அடையும்போது மணி இரண்டு. சென்னியப்பனுக்கு சவூதி விசா இல்லை. எமிரேட்ஸ் பக்கத்து டீக்கடையில் இறங்கிக்கொண்டார்.

“ஏனுங்ணா, நான் இங்கியே நிக்கறனுங்க. இருட்டறதுக்குள்ள லாரி திரும்பி வந்துதுன்னா என் கதை முடிஞ்சுதுன்னு தெரிஞ்சுக்கறேன். வரலைன்னா பொழைச்சேன்.”

“ரெண்டு மூணு நாள் ஆகுமேப்பா. அது வரைக்கும் இங்கியா?”

“வேற எங்கீங்க போறது? நான் வளத்த காய்க்கு விசா வேண்டாமா, எனக்கு வேணுமாமா. என்ன நாயமோ போங்க.”

சவூதிச் சோதனைச் சாவடி. எமிரேட்ஸ் கொடுத்த விளைச்சல் சான்றிதழை அமைச்சருக்குரிய கம்பீரத்தோடு நீட்டினேன். அதிகாரி அதைப் படித்துத் தலையாட்டினார். பிறகு ஒரு சாக்கைப் பிரித்தார். உள்ளே எங்கள் ஊர்த் துணிக்கடை ஒன்றின் ஆடித் தள்ளுபடி விளம்பரம்.

“ஹாதா ஹிந்தி!” என்றார், இது இந்தியச் சரக்கு என்று.

“மாஃபி ஹிந்தி! இமாராத், இமாராத்!” என்றேன், இந்தியா இல்லை, எமிரேட்ஸ் என்று. எனக்குத் தெரிந்த அரபு அதோடு தீர்ந்தது.

அடுத்த சாக்கைப் பிரித்தார். அதிலும் தமிழ். இந்தியச் சரக்கென்றால் இந்தியச் சான்றிதழ் எங்கே? இல்லையா? கல்லாஸ், முடிந்தது, வண்டியைத் திருப்பு என்று கையைச் சுழற்றினார். கான் பாய் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“க்யா கரேன், பாய்?”

“டெஹ்ரோ, பாய்” என்று பொறுக்கச் சொன்னேன். ஒரு லாரி முருங்கைக்காயின் பிறந்த ஊரை எப்படி நிரூபிப்பது? அதைப் பேசச் சொல்லவா முடியும்?

அதிகாரி ஒரு கட்டிலிருந்து ஒரு காயை உருவினார். பல் துலக்கும் மிஸ்வாக் குச்சி என்று நினைத்தாரோ என்னவோ, முனையைக் கடித்து இரண்டு தேய் தேய்த்தார். பற்கள் அப்படி வெளுத்தன. அன்று மாலை கடலில் போன கப்பல்கள் அந்தச் சிரிப்பைக் கலங்கரை விளக்கம் என்று நினைத்துத் திசை மாறின. ஆனால் அப்போது அவர் சிரிக்கவில்லை, துப்பினார். துப்பக் குனிந்தவர் கையிலிருந்த கட்டைக் கூர்ந்து பார்த்தார்.

கட்டைக் கட்டியிருந்தது ஈச்ச ஓலை. வாழைநாருக்கு திக்தாகாவில் எங்கே போவது? சென்னியப்பன் பண்ணையோரத்துப் பேரீச்ச மரத்திலிருந்து ஓலை கிழித்து முடிந்திருந்தார். ஓலை இன்னும் பச்சை.

அதிகாரி அதை நகத்தால் கீறி மோந்து பார்த்தார். பக்கத்தில் நின்ற எகிப்திய குமாஸ்தா எனக்கு ஆங்கிலத்தில் சொன்னார்: “இவருக்கு அல்ஹசாவில் ஈச்சந்தோட்டம் இருக்கிறது. இது நேற்று வெட்டிய ஓலை, பம்பாயிலிருந்து கப்பலில் வந்தால் காய்ந்திருக்கும் என்கிறார்.”

அதன்பின் பத்து நிமிடம். ஒவ்வொரு சாக்கிலும் எமிரேட்ஸ் விளைச்சல் என்று முத்திரை விழுந்தது. முருங்கை அந்த மண்ணின் மைந்தன் ஆகிவிட்டது. அதைக் கூட்டிக்கொண்டு வந்த எங்கள் இருவரின் பாஸ்போர்ட்டைப் பார்க்க மட்டும் ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டார்கள்.

எல்லையிலிருந்து ஜுபைல் சுமார் ஐந்நூறு கிலோமீட்டர். ஹுஃபூஃபில் தங்கி, மறுநாள் காலை பத்துக்குக் கேம்புக்குப் போனோம். சாக்குகளைக் கண்டதும் சிவலிங்கம் தலையில் கை வைத்தார்.

“ஐயோ அண்ணை, சாக்கு முழுக்க முத்திரை! இனி எப்பிடி ஊர்ச் சாமான் எண்டு சொல்லுறது?”

“சொல்லாதீங்க. சமையுங்க.”

மதியம் சாம்பார். வரிசையில் முதலில் நின்ற தஞ்சாவூர் வெல்டர் ஒருவர் மூலையில் கிடந்த சாக்கின் முத்திரையைப் பார்த்துவிட்டார். “அண்ணே, இது எந்த ஊர்க் காய்?”

“முதல் சாப்பிடும். பிறகு சொல்லுறன்.”

அவர் இரண்டாம் முறை தட்டோடு வந்தார். “எந்த ஊரா வேணா இருக்கட்டும். அங்கேர்ந்தே வாங்குங்க.”

மென்று போட்ட சக்கை மலையாகக் குவிந்து, விமானம் மோதாமலிருக்க உச்சியில் சிவப்பு விளக்குப் போட வேண்டியதாயிற்று. சிவலிங்கம் வாரம் ஒரு லோடு கேட்டார், பேப்பர் இல்லாமல்.

வெள்ளிக்கிழமை மதியம் எல்லைக்குத் திரும்பினோம். என் மடியில் ஒரு பிளாஸ்க் சாம்பார். எமிரேட்ஸ் சுங்கத்தில் திறந்து காட்டச் சொன்னார்கள். தயாரித்த தேதி லேபிளில் எங்கே என்று கேட்டுச் சிரித்தார்கள். டீக்கடை முன்னால் சென்னியப்பன்.

“தூரத்துலயே தெரிஞ்சுதுங்ணா. வண்டி துள்ளிக்கிட்டு வந்துது, காலின்னு.” பிளாஸ்க்கை வாங்கிக்கொண்டு கேட்டார்: “உப்புக் கரிச்சுதுன்னாங்களா? நம்ம கெணத்துத் தண்ணி கொஞ்சம் அப்படித்தானுங்க.”

“ஒருத்தரும் சொல்லலையே.”

மூடியில் ஊற்றி ஒரு வாய் குடித்தார். “புளி சாஸ்தி” என்றார். சனிக்கிழமை மரம் வெட்ட யாரும் வரவில்லை.

இந்த வழியில் சரக்கோடு போகிறவர்களுக்கு: எல்லைக்கு மதியத்துக்குள் போய்விடுங்கள், அபுதாபியிலேயே டீசலும் தண்ணீரும் நிரப்புங்கள், வாங்குகிறவர் கண்ணுக்காகச் சரக்கைச் சுற்றாதீர்கள், சோதிக்கிறவரும் அதைத்தான் பார்ப்பார். சரக்குக்கு வழி திறந்திருக்கிறது என்பதால் ஆளுக்கும் திறந்திருக்கும் என்று நினைக்கவேண்டாம்.

மற்றபடி மேலே சொன்னதில் ஒன்றையும் நீங்கள் நம்பவேண்டியதில்லை. ஒரு சின்ன விஷயம் மட்டும் உண்மை. நாங்கள் திரும்பியபோது டீக்கடை பெஞ்ச் முழுக்கக் காலியாக இருந்தது. அவர் அதில் உட்காராமல், சாலையோரம் மேற்கே பார்த்து நின்றுகொண்டிருந்தார்.